ரோதமுனியின் உறவுக்காரர்கள்

எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால், பழைய வாய்க்கால் தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு கல் நிற்கிறது. முழங்கால் உயரம்தான். கண், மூக்கு ஒன்றும் செதுக்கவில்லை. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன கல். மெஷினில் ஓடித் தேய்ந்து அறுந்த பெல்ட் துண்டு ஒன்றை அதன் நடுவில் அரைஞாண் மாதிரிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள்.

சின்ன வயதில் நான் அந்தப் பக்கம் தனியாகப் போனதில்லை. "ரோதமுனி நிக்குது, பொழுது சாஞ்சு போனா அடிச்சுப்புடும்" என்று அப்பாயி சொல்லி வைத்திருந்தார். தாத்தா ஸ்டோரில் வேலை பார்த்தவர். அவர் இராவேலைக்குக் கிளம்பும்போது அதே அப்பாயிதான் லயத்து வாசலில் நின்று, அந்தத் திசையைப் பார்த்துக் கைகூப்பி, "முனியப்பா, நீதான் பாத்துக்கணும்" என்பார். அடிப்பதும் அதுதான், பார்த்துக்கொள்வதும் அதுதான். அப்போது எனக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

இப்போது யட்டியாந்தோட்டையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். போன தவணையில் தரம் ஏழு படிக்கும் பிள்ளை ஒருத்தி ஆங்கிலப் புத்தகத்தை நீட்டி, "மொன்ஸ்டர்னா தமிழ்ல என்ன சேர்?" என்று கேட்டாள். அரக்கன் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் பூதம், பேய், அசுரன், இராட்சதன் என்று வாய்க்குள் நாலைந்து சொற்கள் முண்டின. அதற்குள் பின்வாங்கிலிருந்து ஒருவன் "முனி, சேர்!" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்ன முனிக்கு இந்த எல்லாச் சொற்களும் ஒருவகையில் உறவு என்று அன்று ராத்திரி அகராதிகளோடு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் வகுப்பில் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல். அது இலத்தீனில் 'மொன்ஸ்ட்ரும்' என்று இருந்து, பழைய பிரெஞ்சு வழியாக, சுமார் 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. இலத்தீனில் 'மொனேரே' என்றால் எச்சரித்தல். 'மொன்ஸ்ட்ராரே' என்றால் காட்டுதல். விஞ்ஞான பாடத்தில் செய்துகாட்டுவதை 'டெமொன்ஸ்ட்ரேஷன்' என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். ரோமாபுரியில் கன்றுக்குட்டி இரண்டு தலையோடு பிறந்தால் அது 'மொன்ஸ்ட்ரும்'. அது யாரையும் கடித்துத் தின்னப்போவதில்லை. என்னவோ நடக்கப்போகிறது என்று தெய்வங்கள் அனுப்பிய அறிவிப்பு அது. காட்டுகின்ற காரணத்தால் இந்தப் பெயர் வந்தது என்று சிசெரோவும் எழுதினார், அவருக்கு நானூற்றைம்பது வருடம் பின்னால் வந்த புனித அகுஸ்தீனும் எழுதினார். நம் பழைய புத்தகங்களில் உற்பாதம் என்று ஒரு சொல் வருமே, அதுதான் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கொடுமையான பக்கமும் உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கி.மு. 450ஐ ஒட்டி ரோமர்கள் எழுதிவைத்த பன்னிரு பலகைச் சட்டம், உடல் கோணிப் பிறந்த குழந்தையைக் கொல்ல இடம் கொடுத்தது. மிக அண்மைக் காலம் வரை ஐரோப்பிய மருத்துவ நூல்கள் அப்படிப்பட்ட சிசுக்களை இதே பெயரால்தான் குறித்தன. எங்கள் லயங்களிலும் உதடு பிளந்து ஒரு பிள்ளை பிறந்தால் கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா, கத்தியைத் தொட்டாளா என்று விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தைத்தால் சரியாகிவிடும் உதடு அது. அந்தப் பிள்ளை யாருக்கும் எந்த அறிவிப்பும் கொண்டு வரவில்லை. அதற்குப் பசிக்கிறது, அவ்வளவுதான்.

இனி நம் பக்கம். அரக்கன், இராட்சதன் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு கோலம். சமஸ்கிருதத்தில் ராக்ஷசன்; பாகதத்தில் ரக்கசன். ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக நில்லாது, அதனால் முன்னால் ஓர் அகரத்தைப் போட்டு அரக்கன் ஆக்கிக்கொண்டோம். வேரில் இருப்பது 'ரக்ஷ்'. பொருள்: காத்தல். பிறந்த பிள்ளைக்கு நெற்றியில் இடும் ரட்சை இந்த வேர். கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் சொல்லும் இரட்சகர் இந்த வேர். சிங்களத்தில் உத்தியோகத்தை 'ரக்ஷாவ' என்கிறார்கள், காப்புறுதியை 'ரக்ஷண' என்கிறார்கள். அவையும் இந்த வேர்தான். இரட்சகரையும் இராட்சதனையும் ஒரே தாய் பெற்றிருக்கிறாள்.

இது எப்படி நடந்தது என்பதற்கு வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் ஒரு பிறந்த கதை இருக்கிறது. பிரம்மா முதலில் தண்ணீரைப் படைத்தார். அதைப் பார்த்துக்கொள்ளச் சில உயிர்களையும் படைத்தார். பசியும் தாகமுமாக நின்ற அவர்களில் ஒரு பகுதியினர் "காப்போம்" என்றார்கள்: அவர்கள் ராக்ஷசர். இன்னொரு பகுதியினர் "வழிபடுவோம்" என்று பொருள்படும் சொல்லைச் சொன்னார்கள்: அவர்கள் யக்ஷர். சொல்லாராய்ச்சிக்காரர்கள் சிலர், எதிலிருந்து நம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமோ அதுதான் ராக்ஷசம் என்று பொருள் சொல்வார்கள், அதுவும் இருக்கலாம். ஆனால் தண்ணீருக்குக் காவல் நிற்க முன்வந்தவர்கள்தான் முதல் அரக்கர்கள் என்ற அந்தக் கதையை, களனி கங்கையின் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் எனக்கு விட மனசில்லை. ஏனென்றால் அந்தக் கங்கையின் கீழ்முனையில் இன்றும் ஓர் அரக்கன் காவல் நிற்கிறான்.

சிவனொளிபாதமலைப் பக்கத்து மழை கித்துல்கலைக்கு இறங்கி, எங்கள் பகுதியைத் தாண்டி, அவிசாவளை, ஹங்வெல்ல என்று ஓடி, களனியை அடைகிறது. அங்கே விகாரையோடு சேர்ந்த தேவாலயத்தில் இருப்பவர் விபீஷணன். இராவணனின் தம்பி, சாட்சாத் அரக்கர் குலம். சிங்கள மக்களுக்கு அவர் நாட்டின் காவல் தெய்வங்களில் ஒருவர். 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் இயற்றிய 'சலலிஹினி சந்தேசய' என்ற தூது நூலில், கோட்டையிலிருந்து ஒரு பறவை களனிக்குப் பறக்கிறது. எதற்கு? ஆறாம் பராக்கிரமபாகு மன்னனின் மகளுக்குப் பிள்ளை வரம் கேட்டு விபீஷணனிடம் விண்ணப்பம் வைக்க. அரக்கனிடம் பிள்ளை வரம்! சொல்லின் பழைய பொருள் அங்கே சாகாமல் கிடக்கிறது.

யக்ஷன் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. கேன உபநிடதத்தில் ஓர் இடம். தேவர்கள் ஒரு போரில் வென்றுவிட்டு, எல்லாம் எங்களால்தான் என்று பெருமையடித்துக் கொண்டிருக்கிறார்கள். அப்போது அவர்கள் முன்னால் ஒரு யக்ஷம் வந்து நிற்கிறது. அது என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கினி போகிறார். அது ஒரு புல்லை முன்னால் போட்டு, எரி என்கிறது. முழு பலத்தையும் காட்டியும் எரிக்க முடியவில்லை. வாயு போகிறார். புல்லை அசைக்க முடியவில்லை. கடைசியில் இந்திரன் போகும்போது அது மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் உமை நின்று, நீங்கள் பார்த்தது பிரம்மம் என்று சொல்லிக் கொடுக்கிறாள். இங்கே யக்ஷம் என்பது கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணும் உள்ள ஒன்றல்ல. எதிரே வந்து நின்று, தலைக்கனம் பிடித்தவர்களுக்கு ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டு மறைவது. ரோமாபுரியின் 'மொன்ஸ்ட்ரும்' இதற்குக் கூடப்பிறந்தது போலவே இருக்கிறது.

அந்த யக்ஷம் பிற்பாடு பல வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது. சமணர் கோயில்களில் தீர்த்தங்கரர்களுக்குக் காவலாக யக்ஷனும் யக்ஷியும் நின்றார்கள். தமிழில் இயக்கன், இயக்கி. இயக்கி என்பதே தென்தமிழ்நாட்டில் இசக்கியம்மன் ஆனாள். பாளியில் யக்க. மகாவம்சத்தில் விஜயன் வந்து இறங்கும்போது எதிரே நூல் நூற்றுக்கொண்டிருக்கும் குவேனி ஒரு யக்கிணி. அந்தக் கதையில் இயக்கர் என்றால் வந்தவர்களுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள். சிங்களத்தில் யகா. இன்று யட்டியாந்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் சிங்களப் பொடியன்மார் ஒருவரை ஒருவர் "யகோ" என்று கூப்பிடுகிறார்கள், நாம் "அடேய்" என்பது போல. உமையம்மை வந்து விளக்கம் சொன்ன சொல் பஸ் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தென்மாகாணக் கரையோரத்தில் ஆடும் சன்னி யகும சடங்கில் பதினெட்டு யக்கர்கள் முகமூடியோடு வருவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோய். சன்னி என்பது நம் ஜன்னிதான். நோயாளி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, யக்கன் வந்து ஆட்டம் போட்டு, மேளகாரரோடு வாதாடி, படையலை வாங்கிக்கொண்டு, நோயையும் எடுத்துக்கொண்டு போவான். நோய்க்கு முகம் கொடுத்து, பேர் கொடுத்து, பேசி அனுப்புகிற மருத்துவம். முகம் இல்லாத பயத்தோடு பேச முடியாது என்று அந்த மக்கள் கண்டிருக்கிறார்கள்.

யக்கன் கடைசியாகப் பிறந்தது தண்டவாளத்தில். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. கரி தின்று, தண்ணீர் குடித்து, புகை விட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்த சிங்களக் கிராமத்தவர்கள் அதற்கு 'யகட யகா' என்று பேர் வைத்தார்கள். யகட என்றால் இரும்பு. இரும்புப் பூதம். 1900களின் தொடக்கத்தில் அது எங்கள் ஊருக்கும் வந்தது: அவிசாவளையிலிருந்து பிரிந்து யட்டியாந்தோட்டை வரை ஓடிய, இரண்டரை அடி அகலத் தண்டவாளம். றப்பரையும் தேயிலையையும் ஏற்றிக்கொண்டு போவதற்காகப் போட்டது. அப்பாயி சிறுபிள்ளையாக அதில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். ஏறும்போது தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதாகவும், இறங்கும்போது இறங்கமாட்டேன் என்று அழுததாகவும் சொல்வார். 1942இல், யுத்த காலத்தில், தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அந்த வழியில் எங்கே மேடு வெட்டியிருக்கிறது, எங்கே பாலம் இருந்தது என்று காட்ட ஊரில் நாலு பேர்கூட இல்லை.

அசுரன் கதை ஊரறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் அசுரன் என்பது வருணனைப் போன்ற தெய்வங்களுக்கே தந்த மரியாதைப் பெயர். ஈரானில் அதே சொல் அகுரா ஆகி, கடவுள் பெயராகவே நின்றது. அங்கே தேவர்கள்தான் கெட்டவர்கள். இந்தப் பக்கம் தேவர் உயர, அசுரர் இறங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சாமி நம் வீட்டுப் பூதம். பூதம் என்ற சொல்லோ, 'ஆனது', 'இருந்தது' என்ற சாதுவான பொருளில் தொடங்கியது. நிலமும் நீரும் தீயும் காற்றும் வானும் ஐம்பூதம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாற்சந்தியில் நின்ற சதுக்கப்பூதத்தின் வேலை, பொய்ச்சாட்சி சொல்பவனையும் வேடம் போடுபவனையும் கயிறு வீசிப் பிடித்துத் தின்பது. நல்லவர்களுக்கு அந்தச் சந்தியில் பயமே இல்லை.

பயமும் காவலும் ஒன்றாக இருக்கும் இந்த விஷயம் வைரவர் பேரில் இன்னும் துலக்கமாகத் தெரியும். பைரவன் என்றாலே அச்சம் தருபவன். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் அர்த்தசாமம் முடிந்ததும் கதவைப் பூட்டி, சாவியைப் பைரவர் சந்நிதியில் வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வெறும் சூலமாக மரத்தடியில் நின்று ஊரைக் காப்பவர் வைரவர். எங்களுக்குக் கீழே அவிசாவளையில், சீதாவாக்கை முதலாம் ராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்காமல் போன பெரெண்டி கோயிலும் பைரவர் பேரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அதே பேர் சிங்களத்தில் பஹிரவயா ஆகி, மண்ணுக்குள் இறங்கி, புதையலுக்கும் இரத்தினக்கல்லுக்கும் காவல் இருக்கிறது. இரத்தினபுரிப் பக்கம் கல் தோண்டும் குழியில் இறங்குபவர்கள் பஹிரவயாவை நினைக்காமல் மண்வெட்டி போடுவதில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று நாம் பழமொழியாகச் சொல்வது அங்கே தொழில் செய்பவனின் அன்றாட நினைப்பு.

இனி முனிக்கு வரலாம். சமஸ்கிருதத்தில் முனி என்றால் மௌனி, தவசி. புத்தரே சாக்கியமுனி, எங்கள் பக்கத்துச் சிங்களவர்களுக்கு முனி என்றால் அவர்தான். தமிழிலோ முனிதல் என்றால் சினத்தல், வெறுத்தல். இந்த இரண்டு சொல்லும் நம் கிராமங்களில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. அதனால்தான் முனி தவத்தில் உட்கார்ந்தும் இருப்பார், கையில் அருவாளும் வைத்திருப்பார். மதுரைப் பாண்டி கோயிலில் முனீஸ்வரராகக் கும்பிடப்படும் சிலை கால்மடித்துத் தியானத்தில் அமர்ந்த கோலம். சுருட்டும் சாராயமும் சேவலும் அந்தக் கோயிலில் படைக்கப்படுகின்றன.

அந்த முனி தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி எங்கள் ஆட்களோடு இலங்கைக்கு வந்தது. வந்த இடத்தில் வயல் இல்லை, கண்மாய் இல்லை. காடு இருந்தது. அப்புறம் ஸ்டோர் வந்தது. மழையில் நனைந்த பழைய பயம் புது வேலைக்குத் தகுந்தாற்போல் உருவெடுத்தது. கவ்வாத்துக் கத்தி காலில் பாயாமல் இருக்கக் கவ்வாத்துச்சாமி. கொழுந்துக்கு ஒரு சாமி. மெஷினுக்கு ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயரின் 'ரோடா' சிங்களத்தில் 'ரோதய' ஆகி எங்கள் வாய்க்கு வந்தது. பாதிப் பேர் போர்த்துக்கல், பாதிப் பேர் தமிழ்நாடு. பிறந்த ஊர் இலங்கைத் தேயிலை ஸ்டோர். வேறெங்கும் இப்படி ஒரு தெய்வம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏன் பிறந்தது என்பது பழைய ஸ்டோருக்குள் நின்றால் விளங்கும். வெளியே தண்ணீர்ச் சக்கரம். அது சுழற்றும் இரும்புத் தண்டு கூரைக்குக் கீழே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும். வாடப்போட்ட கொழுந்தை அரைக்கும் ரோலர் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். சத்தத்தில் பக்கத்து ஆள் கூப்பிட்டாலும் கேட்காது. வேட்டி நுனி பெல்ட்டில் பட்டால், ஆளை இழுத்துக்கொண்டு போனபிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். தாத்தாவின் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. மிச்ச மூன்று விரலால் அவர் வெற்றிலை மடிக்கும்போது நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காக அவர் யாரையும் நொந்துகொண்டு நான் கேட்டதில்லை. "கைய விட்டுட்டு விரல மட்டும் எடுத்துக்கிச்சு" என்பார். எடுத்தது மெஷினா, கையைக் காப்பாற்றியது முனியா? இரண்டும் அவருக்கு ஒன்றேதான். அடுத்த ஆடியில் அவரே சேவல் வாங்கிக் கொடுத்தார்.

காவல் பேர் பயப் பேராக மாறியது சாமிகளுக்கு மட்டும் நடக்கவில்லை. கங்காணி என்ற சொல்லைப் பாருங்கள். கண்காணி: கண்ணால் கண்டு பார்த்துக்கொள்பவன். ஊரிலிருந்து கூட்டிவந்தவர்களுக்குத் துணையாக இருப்பான் என்றுதான் அந்தப் பேர். பிறகு அவன் கையில் கடன் கணக்கு சேர்ந்தது. தலைக்கு இவ்வளவு என்று கடனை எழுதிய துண்டை நீட்டி, ஆட்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிவிட முடிந்தது. 1921இல் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. அதற்கு வெகு காலம் பிறகும், அடம்பிடிக்கும் பிள்ளையை அடக்க எங்கள் லயத்தில் சொன்ன பேர் பேயல்ல. "பெரிய கங்காணி வாராரு" என்றால் போதும், அழுகை நின்றுவிடும்.

எச்சரிக்கை என்ற பொருளில் 'மொன்ஸ்ட்ரும்' என்ன என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே மழை காட்டியிருந்தது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து, கிராமங்களை மூடி, நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதே நாள் எங்களுக்கு அடுத்த புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயம் ஒன்றும் மண்ணுக்குள் போனது. நாலு நாள் பெய்த மழையில் எங்கள் ஊற்றுத் தண்ணீரும் கலங்கி வந்தது. "மலை வயிறு கலங்குது, இனி இங்க படுக்கக் கூடாது" என்று சொல்லி, வயதானவர்கள் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரம் சாய்வது, ஊற்று இடம் மாறுவது அல்லது கலங்குவது: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்சரிவின் அறிகுறிகளாகச் சொல்பவையும் இவைதான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 ஆனால் எழும்பி நடக்க வேண்டியதுதான்.

எங்கள் தோட்டத்திலும் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். நிறக்கோடு போட்ட சாதாரண பிளாஸ்டிக் குழாய். மேலே மரக்கிளையோ கூரையோ இல்லாத வெளி வேண்டும் என்று தேடியபோது ஸ்டோருக்குப் பின்பக்கம்தான் கிடைத்தது. ஸ்டோர் மூடிப் பல வருடம் ஆகிறது. மெஷின்களைப் பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெல்ட் கட்டிய கல் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் குழாயை நட்டார்கள்.

அளவு பார்ப்பவர் தாத்தாவோடு ஸ்டோரில் வேலை செய்த ஒரு பெரியவரின் மகன். மழைக்காலத்தில் விடியற்காலை ஆறு மணிக்குக் குடையோடு வருவார். வாய்க்கால் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைப்பார். வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, குனிந்து கோட்டைப் படித்து, போனில் எண்ணைச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போவார்.